உயர்தரம் படிக்கும் மகனைப் பாடசாலை உதைபந்தாட்ட அணியில் விளையாட விடலாமா?

விளையாட விடுங்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத முடியும் எனக்கு.

ஹட்டன் பக்கம் என்றும், மகன் 12ஆம் தரம் என்றும், வலயப் போட்டிக்கு அவனை அணியில் எடுத்திருக்கிறார்கள் என்றும், வீட்டுக்காரர் "இந்த வருசம் பந்து வேண்டாம்" என்று ஒரே பிடியாக நிற்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள் அக்கா. தோட்டத்தில் இருக்கிறீர்களா டவுனிலா என்று எழுதவில்லை. தோட்டம் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். "பூட்ஸ் வாங்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது" என்ற அந்த ஒரு வரியைப் படித்த பிறகு வேறு மாதிரி நினைக்க எனக்கு வரவில்லை.

நான் 2012இல் ஹட்டன் வலயத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலைக்கு லெப்ட் பெக் விளையாடினேன். அப்போது நானும் உயர்தரம்தான். எங்கள் பாடசாலைக்கு கிரவுண்ட் கிடையாது, பக்கத்துத் தோட்டத்து கிரவுண்டில்தான் பயிற்சி. ஒரு பக்கம் நல்ல சரிவு. கீழ்ப்பக்க கோலுக்கு மேலால் பந்து போனால் தேயிலைக்குள் இறங்கி எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது, அதனால் ஆறாம் ஏழாம் தரத்துப் பையன்கள் இரண்டு பேரை வடிகால் கானுக்குப் பக்கத்தில் நிறுத்திவைப்போம். மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கமெல்லாம் நாள்கணக்கில் விடாது என்பது உங்களுக்குத் தெரியும். சொக்ஸ் மேலே சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துவிட்டு இறங்குவோம், அப்படியும் முடிந்து கழற்றும்போது கணுக்காலில் அட்டை உப்பிப்போய் இருக்கும். பனி மூடிவிட்டால் எதிர் கோல் தெரியாது. கோல் கீப்பர் கத்திக்கொண்டே இருப்பான், அந்தச் சத்தத்தை வைத்துத்தான் நாங்கள் லைனைப் பிடிப்போம். அப்படிப் பழகியதாலோ என்னவோ, அந்த வருசம் எங்கள் தடுப்பை உடைக்க வலயத்தில் யாருக்கும் லேசில் முடியவில்லை.

பூட்ஸ் எல்லாருக்கும் இல்லை. ஒருவனை வெளியே எடுத்து மற்றவனை இறக்கும்போது, வெளியே வருகிறவன் லைனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். மழையில் ஊறிய லேஸ் முடிச்சு கையால் அவிழாது. பல்லால் கடித்து இழுப்பான், வாயெல்லாம் சேறு. ரெபரி அதற்கெல்லாம் காத்திருக்க மாட்டார், அடுத்தவன் போட்டுக்கொண்டு எழும்பும் வரைக்கும் நாங்கள் பத்துப் பேர்தான். என் அம்மா அந்த நேரம் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்த 2011 கூட்டு ஒப்பந்தப்படி எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து நாளுக்கு 515 ரூபாய், அதுவும் வேலைக்குப் போன நாள் குறையாமல் இருந்தால்தான் முழுசாக வரும். நல்ல பூட்ஸ் ஒரு சோடி நாலைந்து நாள் சம்பளத்துக்குச் சமம். சீட்டுக் காசு கைக்கு வந்த அன்றைக்கே அம்மா என்னை ஹட்டன் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடையில் விலையைக் கேட்டு அவர் முகம் மாறவே இல்லை, "காலுக்குச் சரியா இருக்கா பாரு" என்று மட்டும்தான் சொன்னார். நாளுக்கான அடிப்படைச் சம்பளம் 2024இல் 1,350 ஆனது, பூட்ஸ் விலை அதை விட எத்தனை மடங்கு ஏறியிருக்கிறது என்பது போன மாதம் வாங்கப் போன உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, சீசனுக்கு வருகிறேன். வலயப் போட்டிகள் ஹட்டன் டன்பார் மைதானத்தில் நடந்தன. முதல் சுற்றுகளில் பெரிய கஷ்டம் இல்லை. இறுதிப்போட்டி கோல் இல்லாமல் முடிந்து பெனால்டிக்குப் போனது, எங்கள் கீப்பர் இரண்டைப் பிடித்தான், வென்றோம். மறுநாள் காலைக் கூட்டத்தில் அணியை முன்னால் நிறுத்திக் கைதட்டினார்கள், மாலை போட்டார்கள், மாகாணத்திலும் வென்று பாடசாலைக்குப் பெயர் எடுத்துத் தர வேண்டும் என்று பேசினார்கள். கண்டிக்கு எப்படிப் போவோம், எங்கே தங்குவோம், என்ன சாப்பிடுவோம் என்று அந்த மேடையில் ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை.

மத்திய மாகாணம் என்றால் கண்டி, மாத்தளை, நுவரெலியா என்று மூன்று மாவட்டம். எங்கள் காலத்தில் மாகாணப் போட்டி என்றாலே கண்டிதான். கண்டிப் பையன்கள் வீட்டிலிருந்து நடந்து வந்தார்கள், கம்பளை அணி விடிந்த பிறகு பஸ் ஏறி வந்தது. நாங்கள் முதல் நாள் இரவே பாடசாலைக்கு வந்து, வாங்குகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு அதில் படுத்தோம், ஏனென்றால் தோட்டத்தின் மேல் பிரிவுகளில் இருந்து விடியற்காலை டவுனுக்கு இறங்க வாகனம் ஏது? குளிரில் தூக்கம் வரவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு ஒரு வேன், அதில் அணி முழுக்கவும் மேலதிகமாக விளையாட்டு சேரும் உதவிக்கு ஒரு அண்ணனும். கினிகத்தேனை வளைவுகளில் வேன் இறங்கத் தொடங்கியதும் ஒருத்தன் பின் ஒருத்தனாக வாந்தி. நாவலப்பிட்டி வருவதற்குள் பாதி அணி யன்னலுக்கு வெளியே தலையை வைத்துக்கொண்டிருந்தது. கம்பளை, பேராதனை தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது முதல் போட்டிக்கு அரை மணித்தியாலம்கூட இல்லை. ஆளுக்கொரு பணிஸ், ஒரு பிளேன்டீ. வாந்தி எடுத்த வயிற்றுக்கு அதுவும் இறங்கவில்லை.

அப்படியும் முதல் போட்டி சமநிலை, இரண்டாவதில் 2-1 என்று வெற்றி. பின்னேரம் காலிறுதி, எதிரே கண்டியில் ஒரு பெரிய பாடசாலை. அவர்கள் மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு உடுப்பு மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். நாங்கள் வெயிலில் மதிலோரம் உட்கார்ந்திருந்தோம். முதல் பாதியில் அவர்களை எங்கள் பெனால்டி பொக்ஸுக்குள் சரியாக வரவே விடவில்லை, அதை அன்றைக்குப் பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடைசி நிமிடங்களில் ஒரு கோர்னர். எங்கள் சென்டர் பெக், உயரமான பையன், அந்த சீசன் முழுக்கத் தலைக்கு வந்த பந்து ஒன்றையும் விடாதவன், எழும்பப் போனவனுக்கு இரண்டு கெண்டைக்காலும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டது. அவன் நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்தான், அவனுக்கு மேலால் போன பந்தை அவர்களுடைய ஆள் தட்டிவிட்டான். 1-0. சீசன் அவ்வளவுதான்.

அவர்கள் எங்களை விடத் திறமையான அணி என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பையனுக்கு முதல் நாள் இரவு நல்ல தூக்கமும் மதியம் ஒரு பார்சல் சோறும் கிடைத்திருந்தால் அந்தப் பந்து வெளியே போயிருக்கும். மலையகப் பாடசாலைகள் கீழே இறங்கித் தோற்பது மைதானத்தில் இல்லை, ரோட்டில்தான் என்று நான் சொல்வது அதனால்தான். வடக்கில் இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரி மாதிரி, கொழும்பில் ஹமீத் அல் ஹுசைனி மாதிரி உதைபந்துக்கே பெயர்போன பாடசாலைகள் இருக்கின்றன. அந்தப் பையன்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து யாரும் அப்படி எடுத்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள். ஆனால் அங்கே அணிக்குப் பின்னால் ஒரு ஊர் நிற்கும், வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் கேட்டால் உதவுவார்கள். எங்கள் பழைய மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள், லீவு கிடைப்பதே தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். அவர்களிடம் வேன் காசு கேட்க எந்த சேருக்கு மனசு வரும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்விக்கு நேராகச் சம்பந்தம் இல்லைதான். அந்தப் போட்டியில் பார்த்து என்னையும் இன்னொருத்தனையும் மாகாண அணித் தெரிவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கடிதம் வீட்டு முகவரிக்கு அனுப்பினார்கள். வீட்டு முகவரி என்றால் என்ன? தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், அவ்வளவுதான். கடிதம் தோட்ட ஆபிசுக்கு வந்து, அங்கே ஒரு கடிதக் கட்டுக்குள் கிடந்து, யாரோ ஒருவர் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் அம்மாவிடம் கொடுத்தபோது தெரிவு முடிந்துபோயிருந்தது. மற்றவன் டவுனில் மாமா வீட்டு முகவரி கொடுத்திருந்தான், அவனுக்கு நேரத்துக்குக் கிடைத்தது. நேர்முகப் பரீட்சைக் கடிதம், வங்கிக் கடிதம், வேலைக் கடிதம் என்று இப்படி ஆபிசில் கிடந்து நாள் தவறியவை எங்கள் பிரிவில் மட்டும் எத்தனையோ. 2023இல் மலையக மக்கள் வந்து 200 வருடம் என்று ஊர் ஊராகக் கூட்டம் வைத்தார்கள், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்கள், நானும் மாத்தளையில் போய் நின்றேன். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகும் பல லயங்களில், அந்த வரிசை வீடுகளில், ஒரு குடும்பத்துக்கு என்று தபால்காரர் கதவைத் தட்டி ஒரு கடிதம் கொடுக்க முடியாது என்றால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, படிப்பு. உங்கள் வீட்டுக்காரரின் பயம் எனக்குப் புரிகிறது, அதில் பிழை இல்லை. மூன்று பாடம், பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கும் இசட் புள்ளி, மாவட்டக் கோட்டா, ஒரு வருடம் போனால் போனதுதான். "இவன் பந்து விளையாடச் சொல்லிப் பிள்ளையைக் கெடுக்கிறான்" என்று எழுத வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், நான் இப்போது தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன், படிப்பின் அருமை எனக்குத் தெரியாமல் இல்லை. நான் வகுப்பில் பார்க்கும் பிரச்சினை பையன்கள் விளையாடுவது இல்லை, பையன்கள் வராமல் போவது. சாதாரண தரம் முடிந்ததும், சில நேரம் முடியும் முன்னாலேயே, கொழும்புக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் காலத்தில் சேர் ஒரு சட்டம் வைத்திருந்தார்: அன்றைக்கு வகுப்புக்கு வராதவனுக்கு பின்னேரம் பயிற்சி இல்லை. அதற்காகவே மழையிலும் மலை இறங்கி வந்தவர்கள் எங்கள் அணியில் இருந்தார்கள். எல்லாரும் பெரிய ஆளாகிவிட்டார்கள் என்று கதை விட மாட்டேன். ஆனால் அந்த சீசன் விளையாடியவர்களில் ஒருவனும் உயர்தரப் பரீட்சை எழுதாமல் நிற்கவில்லை, அந்த நேரம் எங்கள் பாடசாலையில் மற்றவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

சான்றிதழ் விசயத்தில் கவனமாக இருங்கள். தேசிய மட்டம் வரைக்கும் போனால், உயர்தரத்தில் தேவையான சித்தியும் இருந்தால், பல்கலைக்கழகத்துக்கு விளையாட்டுத் திறமைக்கான விசேட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் எல்லாவற்றுக்கும் உதைபந்து அணிகள் இருக்கின்றன, நல்ல ஆட்டக்காரர்களை எடுக்கிறார்கள். இதை நம்பித்தான் விளையாட வேண்டும் என்று சொல்லவில்லை. மேலே இருக்கிறவர்களின் சண்டையில் 2023 ஜனவரியில் உலக உதைபந்து அமைப்பான பீபா இலங்கையையே இடைநிறுத்தி, ஆகஸ்டில்தான் திரும்பச் சேர்த்தது. அப்படிப்பட்ட இடத்தை நம்பிப் பிள்ளையின் எதிர்காலத்தை வைக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் மகன் உழைத்து எடுத்த சான்றிதழ் பாடசாலை அலுமாரியில் கிடக்க வேண்டாம். வலயச் சான்றிதழாக இருந்தாலும் கையில் வாங்கி, பிரதி எடுத்து, அதிபரிடம் உறுதிப்படுத்தி வையுங்கள்.

அதனால் வீட்டுக்காரரோடு விளையாடலாமா கூடாதா என்று வாதாடிக்கொண்டிருக்காமல், பாடசாலையில் போய் நீங்கள் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். மாகாணத்துக்குத் தெரிவானால் முதல் நாளே கண்டிக்குப் போக ஏற்பாடு உண்டா? தங்குவதற்கு அங்கே ஒரு பாடசாலை வகுப்பறையோ கோயில் மண்டபமோ கேட்டு எழுதியிருக்கிறார்களா? பணம் இல்லை என்றால் பெற்றோர்கள் சேர்ந்து இப்போதே ஆளுக்குக் கொஞ்சம் போடத் தொடங்கலாம், போட்டி வந்த பிறகு ஓடித்திரிவதை விட அது லேசு. அம்மாமார் இரண்டு பேர் கூடப் போய் மதியத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி. முதல் போட்டியைக் கொஞ்சம் பிந்திப் போடச் சொல்லி வலயத்தின் ஊடாகக் கேட்கலாம், தூரத்து அணி என்று எழுத்தில் கேட்டால் சில நேரம் மாற்றிக் கொடுப்பார்கள். வளைவில் வாந்தி எடுக்கிற பிள்ளை என்றால் வாகனத்தில் முன் சீட்டில் இருத்தச் சொல்லுங்கள். தெரிவுக் கடிதம் ஏதாவது வருவதாக இருந்தால் டவுனில் இருக்கும் சொந்தக்காரர் முகவரியையும் போன் நம்பரையும் சேரிடம் கொடுத்து வையுங்கள்.

அப்புறம் பூட்ஸ். அடுத்த வருசத்துக்கும் ஆகும் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிடாதீர்கள், இறக்கத்தில் ஓடும்போது கால் முன்னுக்குப் போய் இடித்துப் பெருவிரல் நகம் கறுத்துவிடும். ஹட்டனில் கடைக்குப் போகும்போது மகனையும், அவன் போடும் சொக்ஸையும் கூட்டிக்கொண்டு போங்கள்.