இரண்டு பெரணிகளோடும் 100% பொருத்தம் என்றால் எதை நம்புவது?

கேள்வி: டிரையாப்டெரிஸ் வகைப் பெரணி ஒன்றின் ஆர்பிசிஎல் (rbcL) என்ற மரபணுவை வரிசைப்படுத்தினேன். ஜென்பேங்க் என்ற பொது டிஎன்ஏ தரவுத்தளத்தில் தேடினால் இரண்டு சிற்றினங்களோடு 100% பொருந்துகிறது. இரண்டும் ஒன்றுதானா? பழைய நூலில் இது பாலிபோடியேசி குடும்பம் என்றிருக்கிறது, தரவுத்தளமோ டிரையாப்டெரிடேசி என்கிறது.

பதில்: குடும்பப் பெயரில் குழப்பம் வேண்டாம், தரவுத்தளம் சொல்வதுதான் சரி. ஒரு காலத்தில் பெரணிகளில் பெரும்பகுதியைப் பாலிபோடியேசிக்குள் அடைத்துவிட்டார்கள். டிஎன்ஏ ஆய்வுகள் அதைப் பல குடும்பங்களாகப் பிரித்தன. 2016-இல் வந்த, பிபிஜி (PPG) என்ற பெரணி ஆய்வாளர் குழுவின் வகைப்பாடு பெரணிகளை 48 குடும்பங்களில் அடுக்குகிறது. இந்த அளவிலான கேள்விகளுக்கு ஆர்பிசிஎல் நல்ல சாட்சி.

சிற்றினம் என்று வந்தால்தான் சிக்கல். ஏறக்குறைய 1,400 டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட இந்த மரபணு மெதுவாக மாறுவது. அண்மையில் பிரிந்த சிற்றினங்களுக்கிடையே ஒரு எழுத்து வேறுபாடுகூட இல்லாமல் போகலாம். ஆகவே 100% பொருத்தத்தை வைத்து இரண்டும் ஒன்று என்று சொல்ல முடியாது. தரவுத்தளத்தில் ஏற்றியவரே செடியைத் தவறாக அடையாளம் கண்டிருக்கவும் வாய்ப்புண்டு. அந்தப் பதிவுக்கு உலர் மாதிரி எண் (உலர்த்திப் பாதுகாத்த செடியின் எண்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று, ஆர்பிசிஎல் இருப்பது, ஒளிச்சேர்க்கை நடக்கும் உறுப்பான பசுங்கணிகத்தில். பெரணிகளில் பசுங்கணிகம் பொதுவாகத் தாய்வழியாகவே வரும். உங்கள் செடி கலப்பினமாக இருந்தால் தந்தையின் தடயமே அந்த வரிசையில் இருக்காது. டிரையாப்டெரிஸில் இது வெறும் சந்தேகம் இல்லை, கலப்புக்குப் பேர்போன பேரினம் அது. வட அமெரிக்காவில் வளரும் கார்துசியானா, கிறிஸ்டாட்டா இரண்டுமே கலப்பில் பிறந்து குரோமோசோம்கள் இரட்டித்தவை. இரண்டுக்கும் பொதுவான ஒரு பெற்றோரை இதுவரை யாரும் கண்டதில்லை. செமிகிறிஸ்டாட்டா என்று பெயர் மட்டும் வைத்திருக்கிறார்கள். வாரிசுகளின் மரபணுவிலிருந்துதான் அது இருந்திருக்க வேண்டும் என்று தெரிகிறது!

சரி, அடுத்து என்ன செய்யலாம்? முதலில் செலவில்லாத வேலை: வித்துகளை நுண்ணோக்கியில் பாருங்கள். சுருங்கி, அளவு கன்னாபின்னாவென்று இருந்தால் மலட்டுக் கலப்பினம் என்று சந்தேகிக்கலாம். ஒரு வித்துப்பையில் வழக்கமான 64-க்குப் பதில் நல்ல வித்துகள் 32 மட்டும் இருந்தால், கருவுறாமலே பெருகும் வகையாக இருக்கக்கூடும். ஆனால் வித்துகள் சரியாக இருப்பதால் மட்டும் கலப்பில்லை என்று முடிவு கட்டாதீர்கள். குரோமோசோம் இரட்டித்த கலப்பினங்கள் நல்ல வித்துகளையே தரும்.

அப்புறம் டிஎன்ஏ. பசுங்கணிகத்திலேயே வேகமாக மாறும் டிஆர்என்எல்-எஃப் (trnL-F) பகுதியைச் சேர்த்தால் தாய் யார் என்பது ஓரளவு தெளியும். தந்தையைத் தேட, இரு பெற்றோரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணு வேண்டும். பெரணிகளில் பிஜிஐசி (pgiC) என்ற உட்கரு மரபணு அதிகம் பயன்படுகிறது. அதை வரிசைப்படுத்தும்போது வரைபடத்தில் பல இடங்களில் இரட்டை முகடுகள் (ஒரே இடத்தில் இரண்டு எழுத்துகள்) வந்தால், ஆய்வகம் "தோல்வி" என்று திருப்பி அனுப்பக்கூடும். அந்த வரைபடத்தைத் தூக்கிப் போடாதீர்கள், இரண்டு பெற்றோரின் பிரதிகள் கலந்து கிடப்பதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். குளோனிங் செய்தோ நீள்வாசிப்பு முறையிலோ பிரதிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் மறுபடி இலை தேவைப்படும். இளம் இலைத்துண்டுகளைச் சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி வையுங்கள். அதே செடியிலிருந்து வித்துக்கூட்டங்களுடன் கூடிய முழு இலையையும் தண்டின் செதில்களையும் உலர் மாதிரியாக எடுத்து, இரண்டுக்கும் ஒரே எண் கொடுங்கள்.

அதுவரை, ஏட்டில் "டிரையாப்டெரிஸ், சிற்றினம் உறுதியாகவில்லை" என்றே எழுதுங்கள்.