குளோபல், லோக்கல் செட்டிங் பெயர்கள்: எது தெளிவு?

மன்னார்குடிப் பக்கம் விவசாயிகளுக்கான பம்புசெட் ஆப்பில், எல்லா மோட்டாருக்குமான செட்டிங்குக்கும் ஒரு மோட்டாருக்கான செட்டிங்குக்கும் 'குளோபல்', 'லோக்கல்' என்றே பெயர் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்தச் சொற்கள் எல்லை எதுவரை என்று சொல்வதில்லை. கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளில் 'குளோபல்' என்பது ஒரு பயனருக்கு மட்டும். கணினி முழுக்க வேண்டுமென்றால் 'சிஸ்டம்'. புதிதாக வருகிறவர்கள் இதில் குழம்பத்தான் செய்வார்கள். கோடு எழுத உதவும் விஎஸ் கோட் (VS Code) மென்பொருளில் 'யூசர்' (பயனர்), 'வொர்க்ஸ்பேஸ்' (திறந்திருக்கும் வேலை) என்றிருப்பது எவ்வளவோ மேல்.

எது யாரைத் தொடுமோ அதையே பெயராக்குங்கள்: 'எல்லா மோட்டாருக்கும்', 'இந்த மோட்டாருக்கு மட்டும்'. நடுவே ஊர்வாரி அளவும் வரும் என்றால் 'இந்த ஊர் மோட்டார்களுக்கு'.

பெயரைவிட அதிகம் தடுக்குவது, பொது அளவும் தனி அளவும் வேறுபட்டால் எது ஜெயிக்கிறது என்பதில்தான். குறுவை நாற்றங்காலுக்காக ஒருவர் ஒரு மோட்டாருக்கு மட்டும் ஓடும் நேரத்தை 2 மணி நேரம் என்று வைத்திருப்பார். பிறகு சம்பாவுக்குப் பொது அளவை 4 ஆக்குவார். அந்த மோட்டார் மட்டும் 2 மணி நேரத்திலேயே நின்றுவிடும். ஆப் கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார். அதனால் திரையிலேயே எழுதுங்கள்: 'ஓடும் நேரம் 2 மணி நேரம். இந்த மோட்டாருக்குத் தனியாக வைத்தது. பொது அளவு 4 மணி நேரம்.' பக்கத்திலேயே 'பொது அளவுக்கு மாற்று' என்று ஒரு பட்டன் கட்டாயம் வேண்டும்.

ஆப்பின் கோடிலும் (நிரலிலும்) இதே பெயர்களையே வையுங்கள். நேரம் நிமிடமா மணியா என்பதும் பெயரில் இருக்கட்டும்.