திரை கேள்வி – பதில்

கேள்வி: செக்கோஸ்லோவாகியப் படமான 'டெய்சீஸ்' பார்த்தேன். கதை என்று ஒன்றுமே இல்லை. இரண்டு பெண்கள் ஒரு விருந்தையே மிதித்து நாசம் செய்கிறார்கள். சாப்பாட்டை வீணாக்குவதில் என்ன நகைச்சுவை?

பதில்: உங்கள் கோபம் 1967 மே மாதமே அந்நாட்டு நாடாளுமன்றத்தில் ஒலித்துவிட்டது. விவசாயிகள் இவ்வளவு பாடுபடும்போது இப்படியா என்று கேட்ட ப்ருஷினெட்ஸ் என்ற உறுப்பினர், படத்தைத் திரையரங்குகளிலிருந்தே எடுக்கச் சொன்னார். ஆனால் இயக்குநர் வேரா ஹிதிலோவா 1966-லேயே படத்துக்குள் பதிலை வைத்துவிட்டார். மிதிபட்ட கீரைப் பாத்திக்காக மட்டுமே கொதிப்பவர்களுக்கு இந்தப் படம் சமர்ப்பணம் என்று கடைசியில் எழுத்துகள் வருகின்றன. பின்னணியில் குண்டுவீச்சில் சிதைந்த கட்டடங்கள்.

தயவுசெய்து இன்னொரு முறை பாருங்கள், காதைத் தீட்டிக்கொண்டு. தொடக்கத்தில் அந்தப் பெண்கள் கையை அசைத்தால் எண்ணெய் போடாத கதவு மாதிரி கிறீச்சிடுகிறது. உலகமே கெட்டுக் கிடக்கிறது, நாமும் கெட்டுப்போவோம் என்று முடிவெடுக்கிறார்கள். பிறகு அந்த விருந்து. மண்டபத்தில் ஆளே இல்லை. யாருக்காகப் பரிமாறியது என்று படம் சொல்வதில்லை. எனக்கு அது பதவியில் இருப்பவர்களின் மேஜையாகத்தான் தெரிகிறது.

என்னை உலுக்குவது அதற்கும் அடுத்த காட்சி. செய்தித்தாளை உடம்பில் சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டு இருவரும் திரும்பி வருகிறார்கள். உடைந்த தட்டுகளை ஒட்டுப் போட்டு அடுக்குகிறார்கள். எந்தத் துண்டும் எதோடும் சேரவில்லை. உழைத்தால் சந்தோஷமாக இருக்கலாம் என்று அவசர அவசரமாகக் கிசுகிசுக்கிறார்கள். அடங்கி நடப்பதும் அத்தனை அபத்தம்! ஹிதிலோவாவும் எஸ்தர் க்ரும்பகோவாவும் எழுதிய திரைக்கதையின் உச்சம் இதுதான் என்பேன். 1970-க்குப் பிறகு 1976 வரை ஹிதிலோவாவால் முழுநீளப் படம் எடுக்க முடியாமல் போனது பெரிய அநியாயம்.

கேள்வி: இந்தச் சினிமாவுக்கும் செக் நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெலின் நாடகங்களுக்கும் உறவு உண்டா?

பதில்: ஒரே காற்றைச் சுவாசித்தவர்கள். இந்த அபத்தச் சிரிப்புக்கு முன்னோடியும் உண்டு: வொஸ்கொவெட்ஸ், வெரிஹ் என்ற நகைச்சுவை இரட்டையரின் 'விடுதலை நாடகமேடை'. 1938-இல் அது மூடப்பட்டது. பின்னாளில் வெரிஹ் இருந்த, ப்ராக் நகரின் ஏபிசி தியேட்டரில்தான் ஹாவெல் மேடைத் தொழிலாளியாகத் தொடங்கினார்.

அவருடைய 'தி மெமோராண்டம்' (1965) நாடகத்தை அவசியம் படியுங்கள். நிர்வாக இயக்குநர் க்ராஸுக்கு ஒரு குறிப்பாணை வருகிறது, அவர் அலுவலகத்திலேயே அவருக்குத் தெரியாமல் புகுத்தப்பட்ட 'ப்டிடெபே' என்ற செயற்கை மொழியில். வாம்பட் என்ற விலங்கின் பெயருக்கு அதில் 319 எழுத்துகள்! மொழிபெயர்க்க அனுமதி வேண்டும். அனுமதிக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். இப்படிக் குறிப்பாணை வந்தவருக்கு, அது மொழிபெயர்க்கப்படும் வரை, அந்தச் சான்றிதழ் கிடையாது. ஒவ்வொரு விதியும் தனித்தனியே நியாயமாகத் தெரிவதால்தான் சிரிப்பு வருகிறது.

சிரிப்பு நின்றுபோகும் இடமும் உண்டு. இரக்கப்பட்டு மொழிபெயர்த்துக் கொடுக்கும் செயலர் மரியாவின் வேலை பறிபோகிறது. இடையில் இழந்த பதவியை மீட்டுக்கொண்ட க்ராஸ் அவளிடம் மனிதநேயம் பற்றி அருமையாகப் பேசுகிறார். காப்பாற்றவில்லை. எல்லோரும் கத்தி, முள்கரண்டியோடு மதியச் சாப்பாட்டுக்குப் போகிறார்கள்.

கேள்வி: புதிதாகப் பார்ப்பவர் எதில் தொடங்கலாம்?

பதில்: யான் ஷ்வாங்க்மாயரின் 'தி ஃப்ளாட்' (1968). ஒரு மனிதன் ஓர் அறைக்குள் மாட்டிக்கொள்கிறான். சூப் குடிக்கப் போனால் கரண்டி முழுக்க ஓட்டை. முட்டையை உடைக்கப் போனால் உடைய மறுக்கிறது. குறும்படம், வசனமும் கிடையாது. அதைப் பார்த்த கையோடு 'டெய்சீஸ்' பாருங்கள்.