'கதவைப் பூட்டினேனா?': ஓசிடி பற்றிய கேள்வி பதில்

மனநலப் பிரிவில் உளவியலாளராக இருக்கிறேன். ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

மேசையில் பேனா கோணலாக இருந்தாலே எனக்குப் பிடிக்காது. ஓசிடியா மேடம்?

அப்படித் தெரியவில்லை. நேராக வைத்ததும் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறீர்கள்தானே? ஓசிடியில் வேண்டாத எண்ணம் தானாக வந்து பதற வைக்கும். பதற்றம் தணிய எதையாவது திரும்பத் திரும்பச் செய்யவேண்டி வரும். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போகிறது, படிப்போ வேலையோ கெடுகிறது என்றால் டாக்டரிடம் போங்கள்.

பிரசவமாகி 2 மாதம் அக்கா. குளிப்பாட்டும்போது பிள்ளையைத் தண்ணீரில் அமுக்கிவிடுவேனோ என்று தோன்றுகிறது. பயந்துபோய் மாமியாரிடம் கொடுத்துவிடுகிறேன். நானெல்லாம் தாயா?

தாய்தான்மா. பாசம் இருப்பதால்தான் அந்த எண்ணம் இப்படி உலுக்குகிறது. உளவியலாளர்கள் ராக்மனும், இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வாவும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், நோயே இல்லாதவர்களுக்கும் இதே மாதிரி எண்ணங்கள் வருவதைக் காட்டினார்கள். அவர்களுக்கு வந்த வேகத்தில் போய்விடும், ஓசிடியில் ஒட்டிக்கொள்ளும். டாக்டரிடம் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். ஆனால் செய்யச் சொல்லி குரல் கேட்டாலோ, செய்வது சரிதான் என்று பட்டாலோ அது வேறு. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அதுவரை பிள்ளையோடு தனியாக இருக்க வேண்டாம்.

வீட்டுக்காரர் ராத்திரி 'கதவைப் பூட்டினேனா?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். 'பூட்டியாச்சு' என்றால் அடங்குவார், பத்து நிமிஷத்தில் மறுபடியும். பதில் சொல்லாவிட்டால் சண்டை.

உங்கள் 'பூட்டியாச்சு'தான் அவருக்கு இப்போது மருந்து. பத்து நிமிஷம் தாங்குகிறது, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் தேவைப்படுகிறது. வீட்டார் அன்போடு செய்கிற இந்த உதவிதான் பல வீடுகளில் நோயை வளர்க்கிறது. அதற்காக இன்று ராத்திரியே வாயை மூடிக்கொள்ளாதீர்கள். சண்டையில்லாத பகல் வேளையில் அவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்: 'இது ஓசிடி கேட்கிற கேள்வி. பதில் சொல்லமாட்டேன், பக்கத்தில் இருக்கிறேன்.'

ஈஆர்பி சிகிச்சையும் (பயத்தை எதிர்கொண்டு, திரும்பத் திரும்பச் செய்வதைச் செய்யாமல் இருக்கப் பழகுவது) இந்த வழிதான். உளவியலாளர் விக்டர் மேயர் 1966-இல் எழுதியதிலிருந்து வளர்ந்தது. உங்கள் வீட்டுக்காரர் ஒரே தடவை பூட்டவேண்டும். இழுத்துப் பார்க்காமல் கையை எடுத்துவிட்டுப் படுக்கவேண்டும். பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை என்று அவரே மார்க் போடட்டும். முதல் சில நாள் 90-லேயே நிற்கலாம், பரவாயில்லை. சரிபார்க்காமலும் இருக்க முடிகிறது என்று தெரிவதுதான் முக்கியம். பூட்டை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதும் சரிபார்ப்புதான். அந்தக் குறுக்குவழியை நிறையப் பேர் கண்டுபிடித்துவிடுகிறார்கள்!

ஃப்ளுவாக்ஸெடின் 4 வாரமாகச் சாப்பிடுகிறேன். ஒன்றும் தெரியவில்லை. நிறுத்திவிடட்டுமா? பழகிவிடுமோ?

நிறுத்தாதீர்கள். ஓசிடிக்கு 8 முதல் 12 வாரம் பிடிக்கும். டோசும் பெரும்பாலும் மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அதிகம். இது போதை மாத்திரை இல்லை. ஆனால் சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல் வரலாம். கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் சொல்லித்தான்.

சாமி கும்பிடும்போது கெட்ட வார்த்தை மனதில் வருகிறது. 'சரியாக' வரும்வரை மந்திரத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

அந்த மறுபடி சொல்வதை விடுங்கள். வார்த்தை வந்தால் வரட்டும். ஒரே தடவை சொல்லிவிட்டு, மனசு ஒப்பாவிட்டாலும் விபூதி பூசிக்கொண்டு கிளம்புங்கள்.

கையில் காசில்லை. எங்கே போவது?

14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மாத்திரையும் காசில்லாமல் கிடைக்கும். தனியாரிடம் போனால், 'ஈஆர்பி தருவீர்களா?' என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.