மகன் விளையாட்டில் கரைத்த பணம்

அஸ்ஸலாமு அலைக்கும் அண்ணன்,

நான் மேலப்பாளையம். கணவர் சவூதியில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார், நான் வீட்டில் பீடி சுற்றுகிறேன். எட்டாவது படிக்கும் பதிமூன்று வயது மகன் என் போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடி, ஒரே மாதத்தில் 6,400 ரூபாய் காலி செய்துவிட்டான். வீட்டுக்கு ரீசார்ஜ் எல்லாம் அவன்தான் போடுவான், அதனால் பின் நம்பர் அவனுக்குத் தெரியும். "நம்ம சமுதாயப் பிள்ளைங்க இப்படிப் போனையே பார்த்துக் கிடக்கிறதாலதான் நாம முன்னேறல, படிப்பை நிறுத்திக் கடைக்கு அனுப்பு" என்கிறார் என் அண்ணன். என்ன செய்ய?

(பெயர் வேண்டாம்)

வ அலைக்கும் ஸலாம் சகோதரி.

முதலில் அந்தக் கடைப் பேச்சை முடித்துவிடுவோம். அனுப்பாதீர்கள். பதினான்கு வயது நிறையாத பையனைக் கடையில் வேலைக்கு வைப்பது சட்டப்படியே குற்றம், அது ஒரு பக்கம். நம் பிள்ளைகளை எது பின்னுக்கு இழுக்கிறது என்பதை முஸ்லிம்களின் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த சச்சார் குழு 2006-லேயே எழுதி வைத்திருக்கிறது: 6 முதல் 14 வயதுக்குள் இருக்கும் முஸ்லிம் பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்கு வரை பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது பாதியில் நின்றவர்கள். இது நாடு முழுவதற்குமான கணக்கு, தமிழ்நாட்டு நிலைமை அதைவிட நல்லதுதான். ஆனால் அப்போது இந்த விளையாட்டுகளும் இல்லை, பையன்கள் கையில் இந்தப் போனும் இல்லை. வறுமைக்குப் போனைக் காரணம் காட்டி, வறுமையை வளர்க்கிற காரியத்தை நாமே செய்யக்கூடாது. 6,400 ரூபாயைத் திரும்பச் சம்பாதிக்கலாம், எட்டாவதோடு நின்ற படிப்பைத் தொடர வைப்பது ரொம்பக் கஷ்டம்.

இது நம் சமுதாயத்துப் பையன்களின் குணம் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். எல்லாத் தெருவிலும் இதே விளையாட்டுதான் ஓடுகிறது. கொரோனா காலத்தில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் பள்ளியை மூடி, பாடம் போனில் என்று சொல்லிப் பிள்ளைகள் கையில் போனைக் கொடுத்தது நாம்தான். வாப்பா சபுரில் (வெளிநாட்டில்), உம்மா பீடித்தட்டோடு, தெருவில் பந்து தட்ட இடம் கிடையாது, அப்புறம் பையன் எங்கே போவான்? விளையாட்டுக்குள் போனால் அங்கே கூட்டாளிகள் இருக்கிறார்கள், ஜெயித்தால் பாராட்டுகிறார்கள்.

ஆனால் பணம் போன விதத்தைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு, அந்தக் கோபம் உங்கள் மகன் மேல் இல்லை. இந்த விளையாட்டுகளை இறக்குவது இலவசம். உள்ளே போனதும் ரூபாய் என்ற பேச்சே மறைந்து டைமண்ட், காயின் என்று ஆகிவிடும், எவ்வளவு செலவாகிறது என்று பையனுக்குக் கணக்கே பிடிபடாது. துப்பாக்கிக்குப் புது நிறம் வேண்டும் என்றால் பல நேரம் நேராக வாங்க முடியாது, காசு கட்டிச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும், விழுந்தால் உண்டு, விழாவிட்டால் மறுபடி சுற்று. அல்மாயிதா அத்தியாயத்தின் 90-ஆம் வசனம் மதுவோடு சேர்த்துச் சூதாட்டத்தையும் விலகச் சொல்கிறது. சூதாட்டம் என்றதும் நமக்குச் சீட்டுதான் நினைவுக்கு வருகிறது, இந்தச் சக்கரமும் அந்த வாடை உள்ளதுதான் என்பது என் கருத்து. பெல்ஜியம் 2018-லேயே காசு கொடுத்துத் திறக்கும் இப்படிப்பட்ட அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இங்கே 2025-இல் வந்த சட்டம் பணம் கட்டிப் பணம் எடுக்கிற ஆட்டங்களைத்தான் தடுத்தது, துப்பாக்கிக்குச் சட்டை மாட்டுகிற வியாபாரம் அப்படியே நடக்கிறது. பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) "போன் கேம் ஹராம்" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போவதைவிட, இந்தச் சக்கரம் எப்படிக் காசைப் பிடுங்குகிறது என்று ஒரு ஜும்ஆவில் பத்து நிமிஷம் விளக்கினால் பையன்களுக்குப் புரியும். தடையை மட்டும் நம்பிப் பயனில்லை. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடுத்தார்கள், பையன்கள் ஃப்ரீ ஃபயருக்குப் போனார்கள். 2022 பிப்ரவரியில் அதையும் தடுத்தார்கள், அதன் மேக்ஸ் பதிப்புக்குப் போய்விட்டார்கள்.

சரி, இன்றைக்கே செய்ய வேண்டியது. யுபிஐ பின் நம்பரை மாற்றுங்கள், இனி ரீசார்ஜ் நீங்களே போடுங்கள், கஷ்டமில்லை, மகனையே சொல்லித்தரச் சொல்லுங்கள், ஆனால் பின் போடும்போது அவன் பார்க்க வேண்டாம். பிளே ஸ்டோர் அமைப்புகளில், எது வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். பணம் பிளே ஸ்டோர் வழியாகப் போயிருந்து 48 மணி நேரத்துக்குள் கேட்டால் திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு, அதைத் தாண்டியதற்கு விளையாட்டு நிறுவனத்துக்கே எழுதிப் பாருங்கள், மகன் வயதைக் குறிப்பிடுங்கள்.

அப்புறம், அடிக்க வேண்டாம். ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்காரவைத்து, ஆயிரம் பீடிக்கு உங்களுக்கு என்ன கூலி, 6,400 ரூபாய்க்கு எத்தனை பீடி சுற்ற வேண்டும் என்று அவனையே நோட்டில் கணக்குப் போடச் சொல்லுங்கள். வாப்பா அடுத்து போன் போடும்போது திட்டாமல், அங்கே அவர் எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்பதை மட்டும் சொல்லட்டும். உங்கள் அண்ணனுக்கும் ஒரு வேலை இருக்கிறது: ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமகனையும் தெருப் பையன்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு மைதானத்துக்குப் போய்வரச் சொல்லுங்கள்.