"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

நீலகிரியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாமாண்டு படிக்கிறேன். முதலாமாண்டில் அரியர் வைத்தவர்களுக்குச் சீனியர்களே உதவ வேண்டும் என்று எங்கள் ஆறு பேரிடம் துறையில் சொன்னார்கள். மாலை நாலு மணிக்கு மேல் வகுப்பு வைக்கிறோம். வர வேண்டியவர்கள் வருவதில்லை. நன்றாகப் படிக்கிற நாலைந்து பேர்தான் வருகிறார்கள். முழுக் கணக்கையும் போர்டில் போட்டுக் காட்டுகிறோம். "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுதுக்கா" என்கிறார்கள். இன்டர்னலில் அதே கணக்கை விட்டுவிட்டு வருகிறார்கள். பாதிப் பேர் தமிழ்வழியில் படித்தவர்கள், ஆங்கிலத்தில் எழுத வரவில்லை. யார் யார் வந்தார்கள் என்று பெயரெழுதிக் கொடுக்கவும் சொல்கிறார்கள். எங்கே தப்பு செய்கிறோம்?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் ஆறு பேரும் கூடுதலாக உழைக்கிறீர்கள், அதுதான் சிக்கல். கணக்கை நீங்கள் போடுகிறீர்கள். போட்டுப் பழக வேண்டியவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதற்குமுன், வராதவர்களைப் பற்றி. 'அரியர் வைத்தவர்களுக்கான வகுப்பு' என்று அறிவித்துவிட்டால், உள்ளே வருகிற ஒவ்வொருவரும் தான் தோற்றதைக் கல்லூரிக்கே சொல்லிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. யார் வருவார்கள்? 1973-இல் அமெரிக்காவில், மிசௌரி பல்கலைக்கழகத்தின் கேன்சஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் தொடங்கிய 'சப்ளிமென்டல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' முறை இந்த இடத்தில்தான் பாதையை மாற்றியது. தேறாத மாணவரைத் தேடாமல், பலரைத் தேறவிடாத பாடத்தைத் தேடினார்கள். அந்தப் பாடம் எடுக்கிற எல்லோருக்கும் வகுப்பு பொது. நடத்தும் சீனியர் ஆசிரியரின் வகுப்பிலும் போய் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். உங்களுக்கு அது முடியாது; அந்த வாரம் வகுப்புக்குத் தவறாமல் போன ஒரு ஜூனியரின் நோட்டை முதல்நாளே வாங்கிப் படித்துவிடுங்கள். ஆசிரியர் எந்தக் குறியீட்டில் எழுதினாரோ அதே குறியீட்டில் நீங்களும் எழுத வேண்டும். அந்த முறைப்படியே உங்கள் அறிவிப்பிலும் பாடத்தாளின் பெயர் மட்டும் இருக்கட்டும், 'முதலாமாண்டு அனைவருக்கும்' என்று போடுங்கள். நன்றாகப் படிக்கிறவர்கள் வருவது நல்லதே. அவர்கள் இருந்தால்தான் மற்றவர்கள் கூச்சமில்லாமல் உள்ளே வருவார்கள்.

மாலை நாலு மணியையும் விட்டுவிடுங்கள். உதகையிலிருந்து கூடலூர் சுமார் ஐம்பது கிலோமீட்டர். மஞ்சூர், கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிகளுக்கு, அதாவது படகர் ஊர்களுக்கு, கடைசி பஸ்ஸை விட்டால் வேறு வழி கிடையாது. தூரத்திலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு உங்கள் உதவி கூடுதலாகத் தேவை, உங்கள் நேரமோ அவர்களைத்தான் முதலில் வெளியே தள்ளுகிறது. மதிய இடைவேளை, அல்லது துறையில் கேட்டு வாங்கிய ஒரு காலி பீரியட். ஐம்பது நிமிடம், வாரம் இரண்டு முறை, ஒரு குழுவில் ஆறிலிருந்து எட்டுப் பேர், சீனியர் இருவர். ஜூன், ஜூலையில் மழைக்கு கலெக்டர் விடுமுறை விடுவது இங்கே வழக்கம்தானே. ஆகையால் ஒரு தலைப்பை ஒரே நாளில் முடிக்கத் திட்டமிடாமல், இரண்டு மூன்று சந்திப்புகளில் திரும்ப வரும்படி வையுங்கள். இடைவெளி விட்டுத் திரும்ப வருவது எப்படியும் நினைவுக்கு நல்லது.

இனி அந்த "புரிஞ்சுதுக்கா". அவர்கள் பொய் சொல்லவில்லை. நீங்கள் போடும்போது ஒவ்வொரு வரியும் உண்மையிலேயே புரிகிறது. பார்த்த வரியை அடையாளம் காண்பது வேறு, வெற்றுத்தாளில் அந்த வரியைத் தானே கொண்டுவருவது வேறு. தேர்வு கேட்பது இரண்டாவதை. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு ஓர் உரைப்பகுதியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் படித்தவர்களுக்கு நினைவிலிருந்தது சுமார் 40 சதவீதம், எழுதியவர்களுக்கு 61. உங்கள் வகுப்பு முடிந்தவுடன் எல்லாம் தெரிவதுபோல் இருப்பதும், இன்டர்னலில் காணாமல் போவதும் இதனால்தான்.

எனவே சந்திப்பு இப்படிப் போகட்டும். வந்தவுடன் நோட்டை மூடச் சொல்லுங்கள். சென்ற வகுப்பில் நடந்ததில் நினைவில் இருப்பதை ஐந்து நிமிடம் ஒரு தாளில் எழுதட்டும். பிறகு பக்கத்திலிருப்பவரோடு ஒப்பிட்டு, நோட்டைத் திறந்து விட்டதை வேறு நிறத்தில் சேர்க்கட்டும். பத்து நிமிடம் போதும். அடுத்த அரை மணி நேரம் கணக்கு. சாக்பீஸ் ஜூனியர் கையில் இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 250 மி.லி. தயாரிக்க எத்தனை கிராம் வேண்டும்? 0.1 மோலார் × 0.25 லிட்டர் × மூலக்கூறு நிறை 40, ஆக 1 கிராம். பலர் மில்லிலிட்டரை லிட்டராக மாற்றாமல் 1000 கிராம் என்று எழுதுவார்கள். உடனே "தப்பு" என்று அழிக்காதீர்கள். "ஒரு கிலோ சோடாவை இந்தச் சின்ன ஃபிளாஸ்க்ல போட முடியுமா?" என்று கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் சங்கடம், அவருக்கு அது யோசிக்கும் நேரம். விடை சரியான பிறகு "புரிஞ்சுதா?" வேண்டாம். போர்டை அழித்துவிட்டு எண்ணையும் பொருளையும் மாற்றிக் கொடுங்கள்: 0.05 மோலார் ஆக்ஸாலிக் அமிலம், 500 மி.லி. லேபில் இருப்பது இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த படிகம், அதன் மூலக்கூறு நிறை 126. விடை 3.15 கிராம். 2.25 என்று வந்தால் 90-ஐப் போட்டிருக்கிறார், நீரை மறந்துவிட்டார் என்று அந்த எண்ணே சொல்லிவிடும். தவறு எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பாருங்கள்: கருத்தே தெரியவில்லையா, கூட்டல் பெருக்கலா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எல்லாவற்றுக்கும் "இன்னும் நல்லா படி" என்று சொல்வது எதற்கும் உதவாது.

கடைசி ஐந்து நிமிடத்தில் அடுத்த சந்திப்புக்குள் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இரண்டு கணக்கு என்று அவரே எழுதட்டும். பஸ்ஸில் படிக்கச் சொல்லாதீர்கள். மலைப்பாதை வளைவுகளில் புத்தகத்தைப் பார்த்தால் தலை சுற்றி வாந்தி வரும். கண்ணை மூடிக்கொண்டு அன்றைய பாடத்தை வரிசையாக நினைத்துப் பார்க்கலாம்.

தமிழ்வழி மாணவர்களுக்கு ஆங்கில இலக்கண வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிடாதீர்கள். கருத்தைத் தமிழிலேயே பேசி முடியுங்கள். இருவரும் படகர்களானால் படக மொழியில் பேசுங்கள். பந்தலூர் பக்கத்துப் பணியர் பழங்குடிப் பிள்ளைக்குத் தமிழே இரண்டாம் மொழி என்பதும் நினைவிருக்கட்டும், அவரிடம் இன்னும் நிதானமாகப் பேச வேண்டும். கருத்து பிடிபட்ட பிறகு, யூனிட்டுக்குப் பத்துச் சொல்: ஆங்கிலச் சொல், தமிழ்ப் பொருள், அது வரும் ஒரு முழு வாக்கியம். வாக்கியத்தை அவரே எழுதட்டும், நீங்கள் திருத்துங்கள்.

இதோடு கேள்வித்தாளின் ஏவல் சொற்களைக் கற்றுக்கொடுங்கள். இதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித்தருவதில்லை, மதிப்பெண் நிறைய போவது இங்கேதான். 'டிஃபைன்' (வரையறு) என்றால் இரண்டு வரியும் அலகும். 'டிரைவ்' (வருவி) என்றால் தொடக்க அனுமானத்திலிருந்து படி விடாமல் சமன்பாடு. 'டிஸ்டிங்விஷ்' (வேறுபடுத்து) என்றால் எதிரெதிரே இரண்டு பத்தி உள்ள அட்டவணை, ஒரே அம்சத்தை இரண்டிலும் ஒப்பிட வேண்டும். முதலில் ஒன்றைப் பற்றி ஒரு பக்கம், பிறகு மற்றதைப் பற்றி ஒரு பக்கம் என்று கட்டுரை எழுதினால் மதிப்பெண் குறையும். பழைய கேள்வித்தாள்களை எடுத்துவைத்து, விடை எழுதாமல், ஒவ்வொரு கேள்வியும் என்ன கேட்கிறது என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

அசைன்மென்ட்டை நீங்கள் எழுதித்தர வேண்டாம். ஃபீஸ் கட்ட வழியில்லை, யாரோ தொந்தரவு செய்கிறார்கள் என்று ஒருவர் சொன்னால், அது உங்களால் தீர்கிற காரியம் அல்ல. அவர் சம்மதத்தோடு நம்பிக்கையான ஆசிரியரிடம் நீங்களே கூடப் போங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னால் சம்மதத்துக்காகக் காத்திருக்காதீர்கள், தனியே விடாமல் அன்றே ஒரு பெரியவரிடம் சேர்த்துவிடுங்கள். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

பெயர்ப் பட்டியலை ஆசிரியரிடம் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பெயர் மேலே போகிறது என்று தெரிந்த அன்றே யாரும் தெரியாததைத் தெரியாது என்று சொல்லமாட்டார்கள். நோட்டில் மூன்று வரி போதும்: தேதி, எத்தனை பேர், எந்தக் கணக்கில் எந்தப் படியில் நின்றார்கள். வாரக் கடைசியில் அதை மட்டும் காட்டுங்கள். எட்டில் ஆறு பேர் லிட்டர் மாற்றும் இடத்திலேயே நிற்கிறார்கள் என்று தெரிந்தால், ஆசிரியரே அடுத்த வகுப்பில் அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கிவிடலாம்.