லாரி வாடகைக்குத் தூரம் போடும் சாஃப்ட்வேர்: பணம் கட்டலாமா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் எனக்கு இரண்டு லாரிகள் ஓடுகின்றன. கோட்டயத்துக்கு ரப்பர் ஷீட், திருநெல்வேலிப் பக்கம் மற்ற சரக்கு. ஊர்ப் பெயரைக் கொடுத்தால் தூரத்தைத் தானே கணக்கிட்டு பில்லில் ஏற்றும் வசதிக்கு சாஃப்ட்வேர்காரர் தனியாக ஆண்டுச் சந்தா கேட்கிறார். அது காட்டும் தூரமும் டிரைவர் சொல்லும் கிலோமீட்டரும் ஒத்துப்போவதில்லை. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் உங்கள் லாரி வழக்கமாகப் போகும் ரூட்டுகளில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டிவிடாதீர்கள்.

இ-வே பில்லுக்காக (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) மட்டும் என்றால் இந்தச் செலவே வேண்டாம். இரண்டு பக்கத்து பின்கோடையும் கொடுத்தால் அரசுத் தளமே தூரத்தைக் காட்டுகிறது, இலவசமாக. அதைவிட 10 சதவீதம் வரை கூட்டிப் போடவும் விடுகிறது. அந்த பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும் என்பதால் கோட்டயம் லோடுக்கு இது முக்கியம். தளம் 190 என்று காட்டி, உங்கள் வண்டி உண்மையில் 205 ஓடுகிறது என்றால், 205 என்றே போடுங்கள். இன்னொரு நாள் கிடைக்கும்.

வாடகைக் கணக்கு வேறு. அங்கே பின்கோடு போதாது, ஏற்றும் இடமும் இறக்கும் இடமும் துல்லியமாக வேண்டும். சில மலிவான சாஃப்ட்வேர்கள் நேர்கோட்டுத் தூரத்தை எடுத்து ஒரு சதவீதத்தைக் கூட்டிவிடுகின்றன. நம் மாவட்டத்துக்கு அது ஒத்தே வராது. பேச்சிப்பாறையிலிருந்து திருநெல்வேலி மாவட்டத்துப் பாபநாசம் நேர்கோட்டில் சுமார் 30 கிலோமீட்டர்தான். நடுவில் மலை நிற்கிறது. லாரி நாகர்கோவில் வந்து, ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டிச் சுற்றினால் 100 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். டெமோ காட்டும்போது இந்த இரண்டு ஊர்களையே போடச் சொல்லுங்கள், சாயம் வெளுத்துவிடும்.

சாலை வழியாகவே கணக்கிட்டாலும் அது காருக்கான பாதையா, லாரிக்கான பாதையா என்று கேளுங்கள். கார் பாதை என்றால் குலசேகரம், அருமனைப் பக்கத்து ஒடுக்கமான சாலைகளில் குறுக்கே இழுத்துவிடும். பாரம் ஏற்றிய வண்டி அங்கே திரும்பவே முடியாது. ஓப்பன்ரூட்சர்வீஸ் போன்ற, பாதை கணக்கிடும் இணையச் சேவைகளில் கனரக வாகனத்துக்குத் தனி அமைப்பு உண்டு, வண்டியின் உயரமும் எடையும் கொடுக்கலாம். அதுவும் அந்தத் தடைகள் வரைபடத்தில் பதிவாகியிருந்தால்தான் உதவும். ஆகவே பாதையை நீங்களே மாற்றும் வசதியும், யார் எப்போது மாற்றினார் என்ற பதிவும் கட்டாயம் இருக்க வேண்டும்.

டிரைவர் மேல் உடனே சந்தேகப்படாதீர்கள். ஷெட்டிலிருந்து லோடு ஏற்றும் இடம் வரை, டீசல் போடப் போனது, காலியாகத் திரும்பியது எல்லாம் மீட்டரில் ஏறும், சாஃப்ட்வேரில் ஏறாது. எந்தத் தூரத்துக்கு வாடகை, காலி ஓட்டத்துக்கு எவ்வளவு என்று பார்ட்டியிடம் முன்பே எழுதி வாங்கிவிட்டால் பாதித் தகராறு தீர்ந்தது.

அப்புறம், சந்தாவில் மாதத்துக்கு எத்தனை தேடல் என்று வரம்பு இருக்கிறதா, தாண்டினால் எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பிறகு சாஃப்ட்வேர்காரரோடு தகராறு வந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. சொந்த உழைப்பில் பிழைப்புக்காகச் செய்யும் தொழில் என்று காட்ட முடிந்தால்தான் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அந்தக் கேள்வி எழும் முன்பே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் உங்கள் நிலையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.